டேபிள் பண்ணிவிட்டார்கள்

செப்டம்பர் 11, வியாழன்

சொந்த வீட்டு வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போடுவதற்கு ஊரைக் கூட்டி அனுமதி கேட்க வேண்டிய நாடு இது. இதற்குப் பெயர் சுதந்திர நாடு!

முறையாக எழுதிவிடுகிறேன். நானும் மங்கையும் நியூஜெர்சியில் மகள் எழில் வீட்டில் இருக்கிறோம். ஒன்றோடொன்று ஒட்டிய, ஒரே மாதிரியான வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அசோசியேஷன். கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, வாசலில் எந்தச் செடி வைப்பது என்பதை வீட்டுக்காரன் முடிவு செய்ய முடியாது; அவர்கள்தான் சொல்வார்கள். மே மாதம் மங்கைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வாசலில் இருப்பது இரண்டே படி. எழிலும் மாப்பிள்ளை குமரவேலும் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். எனக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை ஆனதால் கனம் தூக்கக் கூடாது. ஜூலையில் மாப்பிள்ளை நாற்காலியோடு அவளை இறக்கியபோது சக்கரம் நழுவிச் சாய்ந்துவிட்டது. அதிலிருந்து, தூக்குகிற பேச்சை எடுத்தாலே வேண்டாம் என்று ஒற்றைக் கையால் கும்பிடுகிறாள்.

எதிர்ப் பூங்காவில் ஒரு பெஞ்சு உண்டு. பிள்ளைகளோடு இருக்க வந்த பெரியவர்கள் சாயங்காலம் அங்கே கூடுவார்கள். தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி என்று ஆளுக்கொரு மொழி. மங்கைக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. ஆனாலும் யார் வீட்டில் மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை என்பது வரை அவளுக்குத் தெரியும். அந்தப் பெஞ்சுக்குத் தலைவியே அவள்தான். இப்போது ஜன்னலோடு சரி.

ஆகவே சாய்தளம் வேண்டும் என்று மனு. இன்று மாதக் கூட்டம். எழில் தான் பேசுவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. சட்டமன்றச் செயலகத்தில் ஆங்கிலத்தைத் தமிழாக்கியே ஓய்வு பெற்றவன் நான். இங்கிலீஷில் பேச எனக்கு வக்கீல் எதற்கு?

எழுந்து நின்று பேசினேன். பிசிறில்லாமல் பேசினேன். தலைவி மிஸஸ் டோனோவன், நரைத்த தலை, கழுத்தில் முத்துமாலை, எல்லாம் கேட்டுவிட்டு, "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றார். கமிட்டி மொத்தமும் கை தூக்கியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை!

டேபிள் பண்ணுவதென்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவையின் முன் வைப்பது. அறிக்கையோ மசோதாவோ, அவை முன் வைத்துவிட்டால் அது அவையின் சொத்து. அதன்மேல் பேசித்தான் தீர வேண்டும். எத்தனை முறை என் கையால் தமிழாக்கிய சொல்! நன்றி சொல்லி மிஸஸ் டோனோவனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார். நன்றியைப் பார்த்துப் பழக்கமில்லை போலும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எழில், "அப்பா, டேபிள்னா இங்க..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மங்கை, "எழில், எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். தண்ணீர் அவள் பக்கத்திலேயே இருந்தது.

செப்டம்பர் 13, சனி

கேசரி கிளறச் சொன்னேன். கிளறினாள் எழில். முகத்தில் சிரிப்பே இல்லை. பெற்ற அப்பன் ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டு வந்திருக்கிறான், இனிப்பைப் பரிமாறுகிற முகமா அது?

பக்கத்து வீட்டு ஃபிராங்குக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் கை எப்போதும் முழங்கைக்கு மேல்தான். விஷயத்தைச் சொன்னேன். "டேபிள் பண்ணிட்டாங்களா? ஐயோ பாவம்" என்றார். என்ன பாவம்? கேசரியை மட்டும் வழித்துத் தின்றார்.

செப்டம்பர் 20, சனி

இட்லி மாவு புளிக்கவில்லை. இரண்டு நாள் ஓவன் அடுப்புக்குள் வைத்து, கதகதப்புக்கு அதன் விளக்கைப் போட்டும் கல் மாதிரி கிடக்கிறது. இந்த ஊர்க் குளிருக்கு மாவுகூட ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

காலையில் மங்கைக்கு மாத்திரை, பிறகு கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி, பிறகு தலைவாருதல். தலைவாருவதில் நான் இன்னும் தேறவில்லை. "கோணலா எடுக்கிறீங்க வகிடு" என்கிறாள். கண்ணாடி இல்லாமலே எப்படித் தெரிகிறதோ.

அடுத்த கூட்டத்துக்கான பதில்களைத் தயார் செய்துவருகிறேன். அவை முன் வைத்த பொருள் என்றால் கேள்விகள் வரும். மழைநீர் எங்கே வடியும்? நடைபாதையை மறிக்குமா? நிறம் என்ன? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி மங்கையிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க."

"எது நல்லா இருக்கு? மழைத்தண்ணி பதில் கொஞ்சம் பலவீனமா இல்ல?"

"எல்லாமே நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழில் இடையில் புகுந்து, வக்கீலை வைத்தால் அசோசியேஷனால் மறுக்க முடியாது, கொஞ்சம் நாள்தான் இழுக்கும் என்றாள். கோபம் வந்துவிட்டது. நாகரிகமாக அவை முன் வைத்துவிட்டார்கள், அதற்குள் வக்கீலா? நம் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் சண்டை.

செப்டம்பர் 29, திங்கள்

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண் இன்றோடு நின்றுவிட்டாள். இனி காப்பீட்டில் பணம் வராதாம். காரணம், மங்கை 'பிளாட்டோ'வுக்கு வந்துவிட்டாளாம். பீடபூமி. அகராதிப்படி உயரமான சமதளம். அதாவது ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறிவிட்டாள். நல்ல செய்திதானே? எழில் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தீபாவளிக்கு மங்கை நடந்துவிடுவாள்.

அக்டோபர் 3, வெள்ளி

சாயங்காலம் பெஞ்சிலிருந்து ஹன்சாபென் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார். குஜராத்தி அம்மாள், பெஞ்சில் மங்கையின் வலது கை. மங்கையும் கையசைப்பாள் என்று நினைத்தேன். "திரையைப் போட்டுடுங்க, வெயில் கண்ணைக் கூசுது" என்றாள்.

வெயில் எங்கே இருக்கிறது இந்த ஊரில்? மேகம் மூடிக் கிடக்கிறது.

திரையைப் போட்டேன். அங்கே அவர்கள் சிரிப்பது மட்டும் உள்ளே கேட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஹன்சாபென் மேல் எப்படிக் கோபப்படுவது?

அக்டோபர் 9, வியாழன்

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் பட்டதில்லை.

கோட்டு போட்டுக்கொண்டு போனேன். பதில்களெல்லாம் கையில். கூட்டம் ஆரம்பித்தது. குப்பைத்தொட்டியை எந்த நேரத்தில் வெளியே வைப்பது என்று பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், முடிவே இல்லை. அப்புறம் யாரோ வீட்டு நாய். அப்புறம் நன்றி, வணக்கம். கலைகிறார்கள்!

எழுந்தேன். என் சாய்தளம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதை டேபிள் பண்ணியாச்சே" என்றார் மிஸஸ் டோனோவன்.

"அதனால்தான் கேட்கிறேன். டேபிள் பண்ணிய பொருளை எடுக்காமல் எப்படிக் கலைவீர்கள்?"

"சார், அதை டேபிள் பண்ணியாச்சு. அதனால்தான் எடுக்கவில்லை."

"டேபிள் பண்ணினால் எடுத்துத்தானே ஆக வேண்டும்!"

"டேபிள் பண்ணினால் எப்படி எடுக்க முடியும்?"

முதலில் சிரித்தது தொப்பி போட்ட ஒரு கமிட்டிக்காரர், தடித்த ஆள். பிறகு பின்வரிசை. பிறகு எல்லோரும். நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விதிமுறை தெரியாத கூட்டம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தமிழிலும் கொஞ்சம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

கூட்டத்துக்கு வந்திருந்த ஃபிராங்க் பின்னாலேயே ஓடிவந்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். இந்த நாட்டில் டேபிள் பண்ணுவதென்றால் பேச எடுப்பது இல்லையாம். பேசாமல் ஒதுக்கி வைப்பதாம். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

அதற்கு நம் ஊரில் கிடப்பில் போடுவது என்று பெயர். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். கிடப்பில் போட்ட கோப்புகளுக்கு நடுவில்தானே வாழ்ந்தேன். கிடப்பில் போடுகிறவன் அதற்கு 'அவை முன் வைத்தேன்' என்று பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. ஒரே மொழி, ஒரே சொல், இந்தக் கரையில் ஓர் அர்த்தம், அந்தக் கரையில் நேர் எதிர் அர்த்தம்! கருப்பை வெள்ளை என்று சொல்லிப் பிழைக்கிற கூட்டம். அந்த அம்மாளின் கையைப் பிடித்து நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

வீட்டுக்கு வந்து எழிலிடம்தான் முதலில் பாய்ந்தேன்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ப்பா."

"அப்பவே தெரியுமா?"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு அம்மாதான் வேண்டாம்னாங்க."

மங்கையைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா வந்தீங்க" என்றாள். "இந்த ஊருக்கு வந்து அப்படி ஒரு நாள்கூட நான் உங்களைப் பார்த்ததில்ல. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்?"

"ஒரு மாசமா உள்ளயே கிடந்தியேடி!"

"கிடந்தா என்ன. நீங்க அந்த மழைத்தண்ணி பதிலைத் திருத்தித் திருத்தி எழுதிட்டு இருந்தீங்க. பார்க்க நல்லா இருந்துச்சு."

அக்டோபர் 10, வெள்ளி

மாத்திரை கொடுத்தேன். வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளையை எழுப்பி, மரம் விற்கிற கடைக்குப் போக வேண்டும் என்றேன்.

"மாமா, அனுமதி இல்லாம வச்சா தினமும் ஃபைன் போடுவாங்க."

"போடட்டும்."

"கட்டலன்னா வீட்டு மேலயே கடனா எழுதிடுவாங்க மாமா."

"எழுதட்டும். உங்களுக்குப் பயமா இருந்தா நான் பஸ்ல போய்க்கறேன், மாப்பிள்ளை."

பஸ் அந்தப் பக்கமே போகாது என்பது இருவருக்கும் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நல்ல பையன். இத்தனை நாள் அவரை ஏன் வாய்க்குவாய் குறை சொன்னேனோ.

கனமான பலகைகள். கீழே தாங்குவதற்குக் கட்டைகள். எங்கள் இருவருக்கும் ஆணி அடிக்கத் தெரியாது. மாப்பிள்ளை கணினிக்காரர்; நான் பேனாக்காரன். சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது ஃபிராங்க் துளையிடும் கருவியோடு வேலியைத் தாண்டி வந்தார். இரண்டு பேரையும் நகரச் சொல்லிவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். கைப்பிடிச் சட்டம் இல்லாமல் விடக் கூடாது என்று அவரே இன்னொரு தரம் கடைக்குப் போய்வந்தார்.

தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். மனு போட்டுக் கேட்டேன், மரியாதையாகக் கேட்டேன், கோட்டு போட்டுக் கேட்டேன். இனி கேட்பதாக இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

வெளியே போனாள்.

நான் பின்னால் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினேன். பலகையில் சக்கரம் தடதடத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தரைக்கு வந்ததும் திறந்தாள். "இறங்கிட்டோமா?" என்றாள்.

பெஞ்சில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஹன்சாபென் ஓடிவந்து மங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குஜராத்தியில் திட்டோ திட்டென்று திட்டினார். மங்கை தமிழில் பதில் திட்டு திட்டினாள். ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது இருவருக்கும். நான் கொஞ்சம் தள்ளிப் போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினோம். புதுப்புடவை. பெஞ்சுக்கு எழில் சுட்ட முறுக்கு கொண்டுபோனோம். முறுக்கு பல்லை உடைத்தது, யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அனுமதியற்ற கட்டுமானமாம். உடனே அகற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் அபராதமாம். ஆட்சேபம் இருந்தால் நவம்பர் கூட்டத்தில் வந்து சொல்லலாமாம். தீபாவளி அன்றைக்கு ஒட்டுகிறார்கள்! அவர்களுக்கு என்ன தெரியும் என்றாள் எழில். தெரியாதுதான். தெரியாதவர்களே எல்லாவற்றுக்கும் ஏன் தலைவராக இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. வக்கீலுக்குப் போன் செய்யலாம் என்றார். செய்யுங்கள், ஆனால் கூட்டத்துக்கு நான் போவேன் என்றேன். மங்கை நடக்கவில்லை. தீபாவளி வந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர் கூடிவிட்டது. கம்பளியும் குல்லாயுமாகப் பெஞ்சுக்குப் போகிறோம். பயிற்சியை நான் விடாமல் செய்துவருகிறேன். இன்று இடது காலை நீட்டும்போது, "போதுங்க, அந்தக் காலை விட்டுடுங்க பாவம்" என்றாள். விடவில்லை. இன்னும் இரண்டு தரம் நீட்டி மடக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். எனக்காகத்தான்.

நவம்பர் 13, வியாழன்

கோட்டு போடவில்லை. ஸ்வெட்டரோடு போனேன். ஃபிராங்கும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். முதல் விஷயமே எங்கள் வீடுதான். மிஸஸ் டோனோவன் நோட்டீஸை வாசித்தார். விதிமீறல், அபராதம், அகற்றுதல். நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு நான் கத்தப் போகிறேன் என்ற பயம். என் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தத்தான் வந்தேன். என்னென்ன கத்த வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். எழுந்து நின்றதும் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"மேடம், இந்த விஷயத்தை டேபிள் பண்ணும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

தொப்பிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன மாதம் முதலில் சிரித்த அதே ஆள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அமெரிக்க முறையிலா?" என்று கேட்டார். ஃபிராங்க் விவரம் சொல்லியிருக்கிறார் போலும்.

"அமெரிக்க முறையில்."

"நான் முன்மொழிகிறேன்" என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார்.

மிஸஸ் டோனோவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதுவரை?" என்று கேட்டார்.

"என் மனைவி தானாக எழுந்து அந்தப் படிகளில் இறங்கும் வரை" என்றேன். "அன்றைக்கு நானே பலகையைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறேன்."

மங்கையின் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். பக்கவாதம் என்றேன். எப்போது என்றார்கள். மே என்றேன். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மிஸஸ் டோனோவனின் கைதான் கடைசி, ஆனாலும் உயர்ந்தது. எனக்கு வெற்றி பெற்றதுபோல் இல்லை. சொல்லக் கூடாத எதையோ அந்நியர்கள் நடுவில் சொல்லிவிட்டு நிற்பதுபோல் இருந்தது.

வீட்டில் மங்கை தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"டேபிள் பண்ணிட்டாங்க."

உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "இந்தத் தடவை நல்லதா, கெட்டதா?"

"நல்லது. நோட்டீஸைத்தான் கிடப்பில போட்டாங்க. பலகைய யாரும் தொட மாட்டாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"நீ நடக்கிற வரைக்கும்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மெதுவாக எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எழிலும் போய்விட்டாள்.

"அப்போ அந்தப் பலகைய எடுக்கவே வேண்டி இருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

என்னிடம் இரண்டு மொழி இருக்கிறது. இரண்டிலும் தேடினேன்.

"ஆமாம்மா" என்றேன்.

"சரி" என்றாள். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா போகலாம். நேத்து பெஞ்சுகிட்ட எனக்கு வெயில்ல இடமே கிடைக்கல."